காலியாக இருந்த கட்டத்தில் காணாமல் போன படங்கள்: பிக்சலை வைத்து வடிகட்டிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

நண்பர் ஒருவரின் அப்பா காலமாகி ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கேமராவும் கையுமாகவே வாழ்ந்த மனிதர். அவர் எடுத்த படங்களில் 60-ஐத் தேர்ந்தெடுத்து, ஏ4 தாளில் பக்கத்துக்கு ஒன்றாக அச்சிட்டுப் புத்தகமாக்க நண்பரும் அவருடைய தங்கையும் முடிவு செய்திருந்தார்கள். பக்க வடிவமைப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. மொத்தம் 14,212 கோப்புகள். பழைய ஸ்கேன்கள், மூன்று நான்கு டிஜிட்டல் கேமராக்களின் ஜேபெக் படங்கள், கடைசி இரண்டு ஆண்டுகளில் ஃபோனில் எடுத்தவை, உறவினர்கள் செய்திச் செயலிகளில் திருப்பி அனுப்பிய சுருங்கிய பிரதிகள், ஏதோ ஒரு மென்பொருள் தானாக உருவாக்கிவிட்டுப்போன தம்ப்நெயில்கள் எனப்படும் சிறு முன்னோட்டப் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது நடக்காத காரியம். முழுப்பக்கம் தாங்காத படங்களை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். அந்த ஒதுக்கும் வேலையில் நல்ல படங்கள் இரண்டு முறை தொலைந்தன. எப்படித் தொலைந்தன, எப்படித் திரும்பக் கிடைத்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சுற்று: எடையைப் பார்த்து ஒதுக்கியது

நான் வேலையில் இறங்குவதற்கு முன்பே நண்பர் ஒரு சுற்று முடித்துவிட்டார். ஃபைல் மேனேஜரில் கோப்பின் அளவுப்படி வரிசைப்படுத்தி, 1 எம்பிக்குக் கீழே இருந்ததை எல்லாம் ‘வேண்டாதவை’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தார். “சின்னப் படத்தை எல்லாம் எடுத்தாச்சு” என்று சொன்னார். நல்லவேளை, அழிக்கவில்லை, நகர்த்தத்தான் செய்திருந்தார்.

தமிழில் நாம் ‘அளவு’ என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். கோப்பு வட்டில் எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதும் அளவுதான், படம் எத்தனை பிக்சல் அகலம், எத்தனை பிக்சல் உயரம் என்பதும் அளவுதான். குழப்பம் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இனி இந்தக் கட்டுரையில் பைட் கணக்கை ‘எடை’ என்றும், பிக்சல் கணக்கைப் ‘பரிமாணம்’ என்றும் சொல்கிறேன்.

எடையை வைத்து ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே பார்க்க முடிந்தது. பழைய ஸ்கேன்களில் பல, சுருக்கம் இல்லாத பிஎம்பி வடிவத்தில் இருந்தன. 1024 × 768 பிக்சல் உள்ள ஒரு பிஎம்பியில், பிக்சலுக்கு 3 பைட் வீதம் 23,59,296 பைட், கோப்பின் தொடக்கத்தில் விவரங்களை வைத்திருக்கும் தலைப்புப் பகுதிக்கு இன்னும் 54 பைட். மொத்தம் 2.3 எம்பி தேறும். அதனால் அவையெல்லாம் ‘பெரிய படம்’ என்று தப்பித்துவிட்டன. ஏ4 பக்கத்தில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும் படங்கள் அவை. மறுபக்கம், ஹெய்க் என்ற, குறைந்த இடத்தில் அடங்கும் வடிவத்தில் ஃபோனில் எடுத்த படங்கள் சில 4032 × 3024 பரிமாணம் இருந்தும், இருட்டான, நுணுக்கம் குறைந்த காட்சி என்பதால் 1 எம்பிக்குள் அடங்கியிருந்தன. அவை ‘வேண்டாதவை’க்குள் போய்விட்டன. முதல் வேலையாக அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம்.

இரண்டாம் சுற்று: பரிமாணத்தைப் பார்த்து வடிகட்டியது

நண்பரின் கணினியில் விண்டோஸ். அதன் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரரை டீடெய்ல்ஸ் வியூவுக்கு மாற்றி, நெடுவரிசைத் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பட்டியலின் கடைசியில் உள்ள ‘மோர்’ என்பதை அழுத்தினால் நீண்ட பட்டியல் ஒன்று திறக்கும். அதில் ‘டைமென்ஷன்ஸ்’, ‘விட்த்’, ‘ஹைட்’ மூன்றும் தனித்தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ‘1920 x 1080’ என்று அழகாக ஒரே கட்டத்தில் தெரிவதால் அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் அது பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான எழுத்துத் தொடர். வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் பயன்படுவது எண்ணாகச் சேமிக்கப்பட்டுள்ள அகலமும் உயரமும்தான். அதனால் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்தேன்.

தேடல் பெட்டியிலும் இதைக் கேட்கலாம். விட்த் என்ற ஆங்கிலச் சொல், அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து ‘பெரிது’ குறி, அடுத்து எண். நான்கையும் இடைவெளி விடாமல் எழுதினால், அந்த எண்ணுக்கு மேல் அகலம் உள்ள படங்கள், உள் ஃபோல்டர்களில் இருப்பவை உட்பட, ஒரே பட்டியலாக வந்து நிற்கும். உயரத்துக்கும் இதே முறை. 14,000 கோப்புகள் பல ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும்போது இந்த வசதி பெரிய உதவி.

எந்த எண்ணைக் கொடுப்பது? ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அச்சுக் கணக்கில் அது 2480 × 3508 பிக்சல். அகலம் 2480, உயரம் 3508 என்று கொடுத்துத் தேடினேன். மிகக் குறைவான படங்களே வந்தன, வந்தவை அத்தனையும் நின்ற வாக்கில் எடுத்தவை. காரணம் எளிது: 4000 × 3000 என்று கிடந்த வாக்கில் இருக்கும் நல்ல படத்துக்கு உயரம் 3000 மட்டுமே, அதனால் அது அடிபட்டுப்போகிறது. புத்தகத்தில் கிடந்த படத்துக்கும் இடம் உண்டு, பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

அகலம், உயரம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, சிறிய பக்கம், நீண்ட பக்கம் என்று யோசித்தபோது வழி பிறந்தது. அகலமும் உயரமும் இரண்டுமே 2480-க்குக் குறையக்கூடாது, இரண்டில் ஏதாவது ஒன்று 3508-ஐத் தொட வேண்டும். எக்ஸ்ப்ளோரர் தேடலில் ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறது.

இப்படி யோசிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கேமராவைத் திருப்பிப் பிடித்து எடுக்கும் படத்தை, பல கேமராக்களும் ஃபோன்களும் சென்சார் கொடுத்த வாக்கிலேயே கிடந்த படமாக எழுதிவிட்டு, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப் தகவலில், அதாவது படத்தோடு சேர்த்து எழுதப்படும் விவரக் குறிப்பில், ஒரு குறிப்பை மட்டும் வைக்கின்றன. 1 முதல் 8 வரை எண் கொண்ட குறிப்பு அது. 6 என்று இருந்தால் வலப்பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும். திரையில் நின்ற வாக்கில் தெரியும் படம், கோப்புக்குள் 4000 அகலம், 3000 உயரம் என்றே எழுதப்பட்டிருக்கும். சில நிரல்கள் இந்தக் குறிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பரிமாணத்தை மாற்றிச் சொல்லும், சில சொல்லாது. சிறிய பக்கம், நீண்ட பக்கம் என்று கணக்கிட்டால் எது எப்படிச் சொன்னாலும் விடை மாறாது.

அடுத்து உறுத்தியது கொஞ்சம் பிக்சல் குறைவு. அவரிடம் ஆண்டுக்கணக்கில் இருந்த ஒரு 8 மெகாபிக்சல் கேமராவின் படங்கள் அனைத்தும் 3264 × 2448. சிறிய பக்கம் 2480-க்கு 32 பிக்சலும், நீண்ட பக்கம் 3508-க்கு 244 பிக்சலும் குறைவு என்பதற்காக அந்தக் கேமராவின் ஒரு படம்கூடப் பட்டியலுக்கு வரவில்லை! 3264 பிக்சலை ஏ4-இன் நீளமான 11.69 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 279 பிக்சல் வருகிறது. 300-க்கும் 279-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் புத்தகத்தை வைத்துப் பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். 300 என்பது நல்ல இலக்கு, அதை வேலியாக நட்டுவிடக்கூடாது. 240-க்கு இறக்கினேன். அதன்படி சிறிய பக்கம் 1980, நீண்ட பக்கம் 2800 என்று வைத்துக்கொண்டேன். 8 மெகாபிக்சல் படங்கள் உள்ளே வந்தன. அவருடைய முதல் நல்ல கேமராவின் 3008 × 2000 படங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. பட்டியலை நண்பருக்கும் தங்கைக்கும் அனுப்பினேன்.

“ஒண்ணுகூட இல்லையே”

அன்று இரவே தங்கை அழைத்தார். “அண்ணா, அப்பா கடைசி ரெண்டு வருஷம் ஃபோன்ல எடுத்ததெல்லாம் எங்கே? ஒண்ணுகூட இல்லையே.”

நான் அவ்வளவு நேரமும் பட்டியலில் இருந்ததைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாததைப் பார்க்கவில்லை. படங்களோடு வாழ்ந்தவருக்குத்தான் எது இல்லை என்று உடனே தெரிந்தது.

தேடலை நீக்கிவிட்டு, ஃபோன் ஃபோல்டரைத் திறந்து அகல நெடுவரிசையைப் பார்த்தேன். வரிசையாகக் காலிக் கட்டங்கள். 1,187 ஹெய்க் கோப்புகள், ஒன்றுக்குக்கூட அகலமோ உயரமோ இல்லை. அந்தக் கணினியில் ஹெய்க் வடிவத்தைப் படிப்பதற்கான விரிவாக்கம் நிறுவப்படவில்லை. அதனால் எக்ஸ்ப்ளோரருக்கு அந்தக் கோப்புகளின் பெயர், தேதி, எடை தெரியும், உள்ளே என்ன பரிமாணம் என்று தெரியாது. தெரியாத எண் 1980-ஐவிடப் பெரியதா என்று கேட்டால் ‘ஆம்’ என்ற பதில் வராது. 1980-ஐவிடச் சிறியதா என்று கேட்டாலும் வராது. இரண்டு கேள்விக்கும் அந்தப் படங்கள் வெளியே நிற்கின்றன, எச்சரிக்கை எதுவும் திரையில் வருவதில்லை. நாங்கள் மட்டும் ‘பெரியதை வைத்துக்கொள், மற்றதை அழி’ என்று போயிருந்தால், அவர் கடைசியாக எடுத்த 1,187 படங்களும் அந்த ‘மற்றதில்’ சேர்ந்து போயிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இந்த நிகழ்விலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வடிகட்டுவதற்கு முன் அகலப்படி ஏறுவரிசையில் ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். பரிமாணம் தெரியாத கோப்புகள் எல்லாம் ஒரு முனையில் கூட்டமாக வந்து நிற்கும். அவற்றை முதலில் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, தனியாக விசாரிக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஹெய்க் தவிர, பாதியில் நகல் நின்றுபோன சில ஜேபெக்குகளும், படத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்த வெறும் உரைக்கோப்புகளும் இருந்தன.

ஹெய்ஃப், ஹெச்இவிசி என்ற இரண்டு விரிவாக்கங்களையும் நிறுவியதும் கட்டங்கள் நிரம்பின.

பரிமாணம் எங்கே எழுதியிருக்கிறது?

ஃபைல் மேனேஜர் படம் முழுவதையும் திறந்து பிக்சலை எண்ணுவதில்லை. கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதைப் படிக்கிறது, அவ்வளவுதான். பிஎன்ஜி கோப்பில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பைட்டுகளைக் காட்டும் எடிட்டர் ஏதாவது ஒன்றில் திறந்தால், முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றிருக்கும். 17-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட் அகலம், அடுத்த நான்கு பைட் உயரம். நான் திறந்த கோப்பில் 0, 0, 15, 160 என்று இருந்தது. 15-ஐ 256-ஆல் பெருக்கி 160-ஐக் கூட்டினால் 4000. அடுத்து 0, 0, 11, 184. அது 3000. ஆக, 24 பைட் படித்தால் போதும். கோப்பு 50 எம்பி இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

ஜேபெக்கில் அவ்வளவு நேரடியாக இல்லை. முன்னால் எக்ஸிஃப் பகுதி, வண்ணத் தகவல், உட்பொதிந்த தம்ப்நெயில் எல்லாம் இருக்கும். அவற்றைத் தாண்டித் தாண்டிப் போய்த்தான், படத்தின் உண்மையான பரிமாணம் எழுதியிருக்கும் சட்டகத் தலைப்பைப் பிடிக்க வேண்டும். அங்கே உயரம் முதலில், அகலம் பிறகு. தவிர, எக்ஸிஃப் பகுதியிலும் அகல உயரம் தனியாக எழுதப்பட்டிருக்கலாம். படத்தை வெட்டிய மென்பொருள் அதைத் திருத்தாமல் விட்டிருந்தால், ஒரே கோப்பில் இரண்டு பதில்கள் இருக்கும். எங்களிடம் அப்படி ஒரு முகப்படம் சிக்கியது. எக்ஸிஃபில் 4000 × 3000, சட்டகத் தலைப்பில் 640 × 853. உண்மை இரண்டாவதுதான். எந்தக் கருவியானாலும், எதைப் படித்துச் சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹெய்க்கில் நானே ஒரு தவறு செய்தேன். விரிவாக்கம் நிறுவுவதற்கு முன், பொறுமை இல்லாமல், பரிமாணம் எழுதியிருக்கும் பகுதி (பரிமாணப் பெட்டி) கோப்பில் முதலில் எங்கே வருகிறதோ அதைப் படிக்கும்படி பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். 1,187 படங்களுக்கும் 512 × 512 என்று பதில் வந்தது. அந்த ஃபோன் படத்தைச் சிறு ஓடுகளாகப் பிரித்துச் சேமிக்கிறது, நான் படித்தது ஓர் ஓட்டின் பரிமாணம். 4032 × 3024 படத்துக்குக் குறுக்கே 8, நெடுக்கே 6 என்று 48 ஓடுகள். எல்லாப் படத்துக்கும் ஒரே விடை வந்தபோதே சந்தேகம் தட்டியது. கொஞ்சம் வேறுவேறாக வந்திருந்தால் நம்பியிருப்பேன்.

பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டுக்குக் கொண்டுபோனபோது

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுத வசதியாக, பெயரும் பரிமாணமும் கொண்ட பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. விண்டோஸ் ஷெல்லிடம் கேட்டு எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டினேன். வரிசைப்படுத்தினால் ‘1024 x 768’ முன்னால் வருகிறது, ‘640 x 480’ பின்னால் வருகிறது. எழுத்தாகப் பார்க்கும்போது 1 என்பது 6-க்கு முன்னால்தானே வரும். சரி, நடுவில் உள்ள எக்ஸ் எழுத்தை வைத்து இரண்டாகப் பிரித்து எண்ணாக மாற்றலாம் என்றால், மாற்ற மறுக்கிறது. கண்ணுக்கு 1024 என்றே தெரிகிறது, ஆனால் எண் இல்லை என்கிறது. அரை மணி நேரம் கழித்து, அந்த உரையின் நீளத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ‘1024 x 768’ என்பதில் பத்து எழுத்துகள் இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தன. தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் திசைக்குறிகள். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் எண்கள் முன்பின் ஆகாமல் இருக்க விண்டோஸ் அவற்றைச் சேர்க்கிறது. அவற்றை நீக்கியதும் எல்லாம் எண்ணாயின. இதே இடத்தில் மாட்டிக்கொள்ளும் யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிரித்த பிறகு சிறிய பக்கம், நீண்ட பக்கம், மொத்த பிக்சல் என்று மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்தேன். மொத்த பிக்சல்படி வரிசைப்படுத்துவது ஃபைல் மேனேஜரில் கிடைக்காத வசதி, நின்ற படமும் கிடந்த படமும் அப்போதுதான் சமமாக நிற்கின்றன.

பெரிதாக்கப்பட்ட சிறிய படங்கள்

பரிமாணம் பெரிது என்பதாலேயே படம் பெரிது ஆகிவிடாது. யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், பழைய சிறிய படங்கள் பலவற்றை மென்பொருளில் நீட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார். அவை 4000 × 3000 என்று சொல்லிக்கொண்டு வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டன. இங்கேதான் முதல் சுற்றில் ஒதுக்கிய எடை மறுபடி கைகொடுத்தது. எடையை மொத்த பிக்சலால் வகுத்துப் பார்த்தேன். கேமராவிலிருந்து நேராக வந்த 12 மெகாபிக்சல் ஜேபெக் 3 எம்பி இருந்தால் பிக்சலுக்குச் சுமார் 0.25 பைட். நீட்டிய படங்கள் 400 கேபிதான் இருந்தன, பிக்சலுக்கு 0.03 பைட். நுணுக்கமே இல்லாத படத்தைச் சுருக்குவது எளிது, அதனால் எடை இறங்கிவிடுகிறது. இதை வைத்து நேராக ஒதுக்கக்கூடாது. மூடுபனி, வெறும் வானம் போன்ற படங்களும் இதே எண்ணைத்தான் காட்டும். குறைந்த எண் வந்தவற்றை மட்டும் நூறு சதவீதத்தில் திறந்து, கண் இமையோ துணியின் நெசவோ தெரிகிறதா என்று பார்த்தோம்.

மற்ற கருவிகள்

தங்கையிடம் இருந்தது மேக். ஃபைண்டர் தேடலில் பிக்சல் அகலம், பிக்சல் உயரம் இரண்டையும் நிபந்தனையாகச் சேர்த்து ஸ்மார்ட் ஃபோல்டராக வைத்துக்கொள்ளலாம். இந்தத் தகவல் மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டின் அட்டவணையிலிருந்து வருவதால், அட்டவணைப்படுத்தாத வெளி டிஸ்க்கில் தேடிப் பயனில்லை. விண்டோஸில் எவ்ரிதிங் என்ற தேடல் நிரலின் 1.4 பதிப்பிலும் அகல, உயரத் தேடல் உண்டு, ஆனால் ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், பிஎம்பி ஆகிய நான்கு வகைகளில் மட்டும். அங்கேயும் ஹெய்க் வெளியேதான் நிற்கும். இந்த வேலை அடிக்கடி வரும் என்றால் டிஜிகேம் போன்ற படத்தொகுப்பு மென்பொருளுக்குப் போய்விடுவதே மேல் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பரிமாணப்படி தானாகப் பிரிக்க எக்ஸிஃப்டூல் நன்றாக உழைக்கும், கட்டளை வரிக்குப் பழகியவர்களுக்கு.

முடிவில்

காலிக் கட்டங்களைத் தீர்த்து, 1980, 2800 என்ற வரம்புகளில் வடிகட்டி, நீட்டியவற்றை நீக்கி, ஒரே படத்தின் பல பிரதிகளில் மொத்த பிக்சல் அதிகம் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்ட பிறகு, பார்க்க வேண்டியவை 4,300 சொச்சமாகக் குறைந்தன. வேலை முடியும்வரை எதையும் அழிக்கவில்லை. இரண்டு வார இறுதிகளில் இருவரும் உட்கார்ந்து 60 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் 11 படங்கள் அந்த ஃபோன் ஃபோல்டரில் இருந்து வந்தவை.

அறுபத்தொன்றாவதாக ஒரு படத்தைச் சேர்க்க முடியுமா என்று தங்கை கேட்டார். 640 × 480, ஏதோ ஒரு பழைய கேமராவில் வேறு யாரோ எடுத்தது. அப்பா கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி இவர்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரே எல்லாப் படங்களையும் எடுத்ததால், அவர் எடுக்கும் கோலத்தில் கிடைத்த படம் அது ஒன்றுதான். 640-ஐ 300-ஆல் வகுத்தால் 2.13 அங்குலம், அதாவது 5.4 செ.மீ. கடைசிப் பக்கத்தின் நடுவில், சரியாக அந்த அகலத்தில் வைத்தேன், சுற்றிலும் வெள்ளையாக விட்டுவிட்டு.